கரம்பையில் ஓடிய இஞ்சின்

தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளை, பலகாரம் தின்று, புது வேட்டி கட்டி, நாலு நாளில் ஊர் திரும்பிவிடுவதுதான் வழக்கம். நான் பொங்கல் வரைக்கும் இருந்தேன். அதற்கு ஒரு காரணமும் கைவசம் வைத்திருந்தேன். ரசாயனத்தில் பட்டம் வாங்கியிருந்தேன், சர்க்கார் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தேன், உத்தரவு வரக் காத்திருந்தேன். ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து காத்திருந்தால் அய்யா போகும்போதும் வரும்போதும் தொண்டையைக் கனைப்பார். மாமனார் வீட்டில் யாரும் கனைக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்துக் கனைப்பது அந்தப் பக்கத்தில் வழக்கமில்லை.

ஊர், ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்ப் பாசனத்தின் கடைமடையில் இருந்தது. நாடு விடுதலை அடைந்த மறுவருஷமோ அதற்கடுத்த வருஷமோ, சரியாக நினைவில்லை. ஆனால் அங்கே எனக்குக் கிடைத்த மரியாதை நன்றாக நினைவிருக்கிறது. மாமியார் என் எதிரே வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "மாப்பிள்ளை இன்னொரு தோசை வச்சுக்கிறாகளான்னு கேளு" என்று என் மனைவியிடம் சொல்வார். பதிலை நானே சொன்னாலும், அவள் ஒரு முறை திருப்பிச் சொன்ன பிறகுதான் தோசை வரும். மாமனார் என் கருத்து எதையும் மறுத்ததில்லை. கிழக்கே மேகம் கறுத்து நிற்கையில் இன்று மழை வராது என்று நான் சொல்லி, பேசிக்கொண்டிருக்கும்போதே மழை கொட்டியது. "மாப்பிள்ளை சொன்னது பெரு மழைய. இது தூத்தல்தானே" என்றார், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

இப்படி ஒரு வீட்டில் கொஞ்ச காலம் இருந்தால் யாருக்கும் தான் பெரிய அறிவாளி என்ற எண்ணம் வந்துவிடும். எனக்குச் சீக்கிரமே வந்தது.

ஆனால் உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. வேலையில்லாதவனுக்கு வைக்கிற இரண்டாவது தோசை தொண்டையில் நிற்கும். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பேன். அவர் தாண்டிப் போனதும், வேட்டியைச் சரிசெய்யத்தான் எழுந்தவன்போல உதறிக் கட்டிக்கொள்வேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த வேட்டியை உதறினேனோ. யாரிடமும் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. என் மனைவியிடம்கூட.

அந்த நிலையில்தான் கொல்லையில் கிடந்த மண் தீப்பிடித்தது.

கோடையில் கண்மாய் வற்றியதும் உள்ளே படிந்த கறுப்பு வண்டலை வெட்டி, வண்டியில் ஏற்றி, வயலுக்கு உரமாகப் போடுவார்கள். கரம்பை என்பார்கள். அந்தக் கோடையில் என் மனைவியின் அண்ணன், கோரை மண்டிக் கிடந்த ஒரு மூலையில் ஆழமாக வெட்டி எடுத்து வந்த கரம்பையில் பாதி மிச்சமாகி, மாட்டுத்தொழுவத்துக்குப் பக்கத்தில் ஓலை மூடிக் கிடந்தது. மச்சான் வீசிய பீடித் துண்டு ஒன்று அதில் விழுந்திருக்கிறது. மண் உள்ளுக்குள் தணலாகக் கனிய ஆரம்பித்து, தூறலிலும் நிற்காமல் புகைந்தது. மாமியார் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு பக்கம் அணைந்தால் இன்னொரு பக்கம் புகைந்தது.

நான் ஒரு கட்டியை உடைத்துப் பார்த்தேன். உள்ளே நார் நாராகக் கோரை வேர். எனக்குச் சிலிர்த்துவிட்டது. மேல்நாட்டில் சதுப்பு நிலத்துப் புல்லும் பாசியும் மக்கிக் கறுத்துக் கிடப்பதை வெட்டிக் காயவைத்து விறகுபோல எரிக்கிறார்கள், அதற்குப் பீட் என்று பெயர், நிலக்கரி ஆவதற்கு முந்தின பிள்ளைப் பருவம் அது என்று காலேஜில் படித்திருந்தேன். அதை உலையில் போட்டு, காற்றைக் குறைத்துக் கனியவிட்டால் எரியக்கூடிய வாயு கிளம்பும், அந்த வாயுவில் இஞ்சினே ஓட்டலாம் என்றும் படித்திருந்தேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை. வந்திருந்தால் என் மார்க்கு வேறு மாதிரி இருந்திருக்கும். இப்போது கொல்லைப்புறத்தில் வந்திருந்தது.

முதல் சோதனையை ஒரு மண்சட்டியில் செய்தேன். கரம்பையை உதிர்த்துப் போட்டு, மேலே இன்னொரு சட்டியைக் கவிழ்த்து, இடுக்கெல்லாம் களிமண் பூசி, ஒரு ஓட்டையில் மூங்கில் குழாயைச் செருகி, அடுப்பில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் புகை கிளம்பியது. அழுகின முட்டையும் நாள்பட்ட கருவாடும் சேர்ந்த நாற்றம். தொழுவத்தில் மாடுகள் கயிற்றை இழுத்தன. காயப்போட்டிருந்த வடகமெல்லாம் புகை பிடித்துப் போயிற்று. மாமியார் கதவுக்குப் பின்னால் இருந்து, "மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையான்னு கேளு" என்றார். நான் தீக்குச்சியைக் கிழித்துக் குழாயின் வாயில் நீட்டினேன். விரல் நீளத்துக்கு ஒரு தீ பற்றி, நின்று எரிந்தது.

அப்போது என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. குதித்திருக்கலாம். என் மனைவி வாசற்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தீயைப் பார் தீயைப் பார் என்று நான் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

சட்டியில் வந்தது இஞ்சினிலும் வரவேண்டியதுதானே. இஞ்சினும் வீட்டிலேயே இருந்தது. மச்சான் யுத்த காலத்தில் கரி பஸ் ஓட்டியவர். பெட்ரோல் கிடைக்காமல் போனபோது பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உலையை மாட்டி, அதில் அடுப்புக்கரியைக் கொட்டிக் கனியவிட்டு, வருகிற வாயுவில் ஓட்டினார்களே, அந்த பஸ். கேஸ் பிளான்ட் என்று அந்த உலைக்குப் பெயர். முதலாளி பஸ்ஸை உடைத்துப் போட்டபோது மச்சான் இஞ்சினையும் கேஸ் பிளான்டையும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு பம்பையும் பெல்ட்டையும் சேர்த்து வைத்திருந்தார், வயலுக்குத் தண்ணீர் இறைக்கலாம் என்று. பெட்ரோல் இன்னும் கூப்பனில்தான். கரி மூட்டை கேட்டால் பஸ்காரர்களுக்கே போதவில்லை என்றார்கள். அதனால் கேஸ் பிளான்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது.

"மண்ணுலயா ஓட்டப்போறீக மாப்பிள்ளை?" என்றார் மச்சான்.

"மண்ணுன்னு சொல்லாதீங்க மச்சான். அது பீட்."

அவர் தங்கச்சியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் வியந்துபோய் நிற்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

வேலை எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வந்தது. மாப்பிள்ளை கையில் அழுக்குப் படக்கூடாது. கேஸ் பிளான்ட் பக்கத்தில் பூவரச மரத்தடியில் எனக்கு நாற்காலி போட்டுவிட்டார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து உத்தரவு போடுவேன். மச்சான் உலையில் கூடை கூடையாகக் கொட்டுவார், அடியில் தீ மூட்டுவார், ஊதுசக்கரத்தைக் கையால் சுற்றுவார். கரம்பை நன்றாகக் காயவேண்டும் என்பதற்காக அதை அடுப்படியில் பரப்பி உலர்த்தச் சொல்லியிருந்தேன். அங்கிருந்து கூடையில் அள்ளிக் கொண்டுவந்து கொடுப்பது என் மனைவி. நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அதுவும் மாப்பிள்ளைக்கு வழக்கமில்லை.

முதல் நாள் இஞ்சின் ஓடவில்லை. சோதனைக் குழாயில் தீக்குச்சியை நீட்டினால் குச்சிதான் அணைந்தது. மச்சான் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி வியர்த்து விழுந்தார். இஞ்சின் ஒரு தடவை இருமியது, அவ்வளவுதான். உலையைத் திறந்து கொட்டினால் பாதி வெந்த செங்கல்போலக் கட்டி கட்டியாக வந்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு வரும் மாப்பிள்ளை" என்றார். நான் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் சோதனைக் குழாயில் நீலத் தீ வந்தது. கரம்பையை வெயிலில் இல்லாமல் நிழலில் உலர்த்தச் சொன்னேன் அல்லவா, அதன் பலன் என்று விளக்கினேன். அதற்கடுத்த தடவை இன்னும் நன்றாக எரிந்தது. கொஞ்சம் சுண்ணாம்பு கலக்கச் சொல்லியிருந்தேன், அதன் பலன். இஞ்சின் முதல்முதலாகப் படபடவென்று உயிர் பெற்றபோது, கட்டியைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைக்கச் சொன்னதன் பலன். எனக்குத் தோன்றியதெல்லாம் பலித்தது. ஒன்றாவது தப்பாகப் போயிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

அதே சமயத்தில் வீட்டில் சில மாறுதல்கள் நடந்தன. விஞ்ஞானிக்கு வேண்டிய கூர்ந்த பார்வை என்னிடம் இருந்ததால் எல்லாவற்றையும் கவனித்தேன். காலையில் பல் விளக்க முற்றத்து மாடத்தில் அடுப்புக்கரி வைத்திருப்பார்கள். அது இல்லாமல் போய், வேப்பங்குச்சி வந்தது. கரியைவிட வேம்பு எவ்வளவு மேல் என்று நான் மச்சானுக்கு ஒரு சொற்பொழிவே செய்தேன். இஸ்திரிப் பெட்டியில் போடக் கரி இல்லை என்று என் சட்டை கசங்கியபடியே வந்தது. கிராமத்தில் எளிமை நல்லதுதான் என்று போட்டுக்கொண்டேன். குழம்பு பரிமாறுகிற சிரட்டை அகப்பையைக் காணோம், டம்ளரால் மொண்டு ஊற்றினார்கள். எனக்கு மட்டும் சின்னப் பானையில் தனியாகப் பொங்கிய சோறு வந்தது. மாமனாரும் மச்சானும் பெரிய பானைச் சோற்றை நெடுநேரம் மென்றுகொண்டே இருப்பார்கள். வயதானால் பல்லில் பலம் குறையும் என்று நினைத்துக்கொண்டேன். மச்சானுக்கு அப்படியொன்றும் வயதாகவில்லை.

இதற்கிடையில் கார்த்திகைக்குப் பிறகு மழை நின்று வானம் வெளிவாங்கிவிட்டது. கண்மாயில் தண்ணீர் இறங்கி, மடைக்கும் கீழே போய்விட்டது. கடைமடைக்குச் சொட்டு வரவில்லை. மாமனார் வயலில் கதிர் வெளிவந்து பால் பிடிக்கிற நேரம். அப்போது ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல். பாயாவிட்டால் அத்தனையும் சாவி, உள்ளே அரிசியில்லாத வெறும் உமி. அந்த ஒரு வயல்தான் வீட்டுக்கு வருஷச் சாப்பாடு, அடுத்த வருஷத்து விதையும் அதுதான். வயலுக்கு மேற்கே பள்ளத்தில் ஒரு குட்டை இருந்தது, அதில் தண்ணீர் கிடந்தது. அதை மேலே ஏற்றவேண்டும். இறைகூடை போட மாமனார் ஆட்களுக்குச் சொல்லி வைத்திருந்தார். கயிறு கட்டிய கூடையை இரண்டு பேர் எதிரெதிரே நின்று வீசி, மொண்டு, மேலே கொட்டுகிற வேலை. முதுகு ஒடிந்துவிடும்.

"ஆள் எதுக்கு மாமா? அதான் இஞ்சின் இருக்கே" என்றேன் நான்.

இஞ்சினையும் கேஸ் பிளான்டையும் வண்டியில் ஏற்றிக் குட்டைக் கரைக்குக் கொண்டுபோனோம். முந்தின நாள் எதிர்வீட்டில் காதுகுத்து. ஊருக்கே சோறு போட்டார்கள். பெரிய பெரிய கோட்டை அடுப்புகள் எரிந்து அணைந்திருந்தன. அதற்கும் என் இஞ்சினுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு எப்படித் தெரியும். அன்றைக்கு மச்சான் கைப்பிடியைச் சுற்றியதும் இஞ்சின் ஒரே பிடியில் கிளம்பியது. பம்பு வாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு வாய்க்காலில் விழுந்தது. ஊரே கரையில் நின்று பார்த்தது. மாமனார் அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார். இறைகூடையோடு வந்திருந்த ஆட்களைப் பார்த்து, "நீங்க போங்கப்பா. எங்க மாப்பிள்ளை இஞ்சின் இருக்கு" என்றார். அவர்கள் வேறு ஊர் வயலுக்குப் போய்விட்டார்கள். அவர் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் மனைவி மட்டும் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "அந்த ஆளுகள இருக்கச் சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"உனக்கு என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு இஞ்சின் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் குறைவாக ஓடியது. காதுகுத்து தினமும் வருமா? நான் காற்றில் உள்ள ஈரத்தைப் பற்றி மாமனாருக்கு விளக்கினேன். கொண்டல் காற்று கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் கொண்டுவந்து பீட்டில் ஏற்றுகிறது என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், கண் மட்டும் வயலில் இருந்தது. ஒருநாள் என் மனைவி துணி மூடிய கூடையோடு பக்கத்துத் தெருவிலிருந்து வேகமாக வருவதைப் பார்த்தேன். முகமெல்லாம் வியர்வை. இவ்வளவு முக்கியமான சமயத்தில் வீடு வீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது சரியா என்று கண்டித்தேன். "இனிமே போகல" என்று சொல்லிவிட்டு, அந்தக் கூடையை நேராக மச்சானிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போதும் எனக்கு விளங்கவில்லை. நான் வாங்கிய பட்டத்தைப் பற்றி இனி என்ன சொல்ல.

கடைசியில் ஒரு காலையில் இஞ்சின் கிளம்பவே இல்லை. மேல்பாதி வயல் நனைந்திருந்தது. கீழ்ப்பாதி வெடித்துக் கிடந்தது. மச்சான் ஊதுசக்கரத்தை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. போடுகிறவர்கள் சரியாகப் போடவில்லை, அதுதான் காரணம், நானே போட்டுக் காட்டுகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினேன்.

"வேணாம் மாப்பிள்ளை" என்று மச்சான் எழுந்து ஓடிவந்தார். "கை கறுத்துரும்."

நான் கேட்கவில்லை. கூடைக்குள் கையைவிட்டேன். மேலே ஒரு பிடி கரம்பை. அதற்குக் கீழே எல்லாம் அடுப்புக்கரி. வேலங்கரி, சிரட்டைக்கரி, புளியங்கரி. ஊரில் யார் வீட்டில் எந்த விறகு எரிகிறது என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஓரத்தில் பாதி கருகிய ஒரு காம்பு கிடந்தது. எங்கள் வீட்டு அகப்பை.

"தங்கச்சிதான் சொல்லுச்சு" என்றார் மச்சான், என் முகத்தைப் பார்க்காமல். "மொத நா ஓடலைன்னு நீங்க சாப்புடாமப் படுத்தீகள்ல, அதுக்கு மறுநாள்லருந்து. சோறு வேகுறதுக்கு முந்தியே கொள்ளிய வெளிய இழுத்து, தண்ணி தெளிச்சு அணைச்சுக் கரியாக்கிச் சேத்துவச்சுச்சு. நம்ம வீட்டுது பத்தலைன்னு தெருவெல்லாம் கேட்டு வாங்குச்சு. இப்ப யாரு வீட்டுலயும் இல்ல."

"மாமாவுக்கு?"

"அய்யாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா எறகூடை ஆள திருப்பி அனுப்பியிருப்பாரா?"

ஊர் முழுக்க வேப்பங்குச்சியால் பல் விளக்கியது, அரைவேக்காட்டுச் சோறு தின்றது, எல்லாம் என் பீட் வாயுவுக்காக. மங்கலத்துக்கு நடந்து போய் பஸ் ஏறிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. வீட்டுக்குப் போய்ச் சட்டையைத் தேடினேன். அது கசங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் அப்படியே போட்டுவிட்டு வயலுக்குத் திரும்பி நடந்தேன்.

மாமனார் கீழ்ப்பாதி வயலில் நின்று ஒரு கதிரை நகத்தால் நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையாகப் பால் கசிந்தது. இன்னும் உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

"மாமா, இஞ்சின் இனி ஓடாது" என்றேன். "மண்ணுல அது ஓடவே இல்ல. அடுப்புக்கரியிலதான் ஓடியிருக்கு. எனக்கே இப்பத்தான் தெரியும்."

அவர் விரலில் இருந்த பாலை வேட்டியில் துடைத்தார். வயலோரக் கொட்டகைக்குப் போய், ஓரமாய்ச் சாய்த்து வைத்திருந்த பழைய இறைகூடையை எடுத்துக்கொண்டு குட்டைக்கு வந்தார். கயிற்றைப் பிரித்து ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு எதிரே ஆள் தேடினார். நான் போய் அந்தப் பக்கத்துக் கயிற்றை எடுத்தேன்.

"விடுங்க மாப்பிள்ளை. ஒங்களுக்கு எதுக்கு இது. ஒங்க மச்சான் வரட்டும்."

நான் விடவில்லை. வீசினோம். நான் முந்தி இழுத்துவிட்டேன், கூடை கவிழ்ந்து சேற்றுத் தண்ணீர் முழுக்க அவர் மார்பில் விழுந்தது. மறுபடி வீசினோம். இந்தத் தடவை பிந்தி இழுத்தேன், அவர் முகத்தில் விழுந்தது. பிறகு கூடை மொள்ளவே இல்லை, காற்றில் ஆடியது.

"ஏலே!" என்று கத்தினார் மாமனார். "கயித்தத் தளத்தாத!"

மச்சான் நின்ற இடத்தில் நின்றார். வரப்பில் வந்துகொண்டிருந்த மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனாருக்கே தான் சொன்னது காதில் விழுந்து, முகம் வெளிறிவிட்டது. மாப்பிள்ளையை ஏலே என்று கூப்பிட்ட மாமனார் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

"சரி மாமா" என்று கயிற்றை இழுத்துப் பிடித்தேன். எனக்கு அது கெடுதலாகவே படவில்லை. அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னை ஒரு ஆளாக மதித்து யாரும் திட்டியதில்லை. அடுத்த கூடை தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது.

அவர் சொல்லச் சொல்ல எனக்கு ஓரளவுக்குக் கை பழகியது. மச்சானும், மாமியாருக்குப் பின்னால் வந்த என் மனைவியும் இன்னொரு கூடையை எடுத்தார்கள். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. வெயில் ஏறியபோது மாமியார் கஞ்சிச் செம்போடு நேராக என் எதிரில் வந்து நின்று, "குடிங்க மாப்பிள்ளை" என்றார். அவர் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். என் மனைவியின் மூக்கு யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்தது.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவிலிருந்து பெண்கள் வந்தார்கள், கூட அவரவர் வீட்டு ஆண்களையும் இழுத்துக்கொண்டு. அவர்களுக்கும் சொந்த வேலை கிடந்தது. "எங்க அடுப்புக் கரியெல்லாம் இந்த வயலுக்குத்தான் போயிருக்கு. காஞ்சுபோக விட்ருவமா?" என்றாள் காதுகுத்து வீட்டுக்காரி, என்னைப் பார்த்துச் சிரித்தபடி. குனிந்த தலையை நிமிர்த்தாமல் நான் வீசிக்கொண்டிருந்தேன். மாமனார் எதிர்ப்பக்கம் நின்று, தப்பு வருகிறபோதெல்லாம் ஏலே என்றார். அடிக்கடி சொல்ல வேண்டியிருந்தது.

வயலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிட்டோம். கிழக்கு மூலை மட்டும் சாவியாகப் போனது. அதை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். மாமனார் அந்த மூலையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேஸ் பிளான்ட் தொழுவத்துக்குத் திரும்பியது, கோழிகளும் திரும்பின. எனக்கு வேலை உத்தரவு மாசியில் வந்தது. அந்த வேலையில் எந்த மண்ணையும் நான் எரிக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் பாய்ந்து முடிந்த அன்று சாயங்காலம் என் உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துக் கிடந்தன. என் மனைவி கிண்ணத்தில் விளக்கெண்ணெய் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து தடவினாள். அவள் கை என் கையைவிட அதிகமாகப் புண்ணாகியிருந்தது. நகக்கண்ணில் கரி போகாமல் இருந்தது.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன். "ஊர் சிரிக்க இத்தனையும் எதுக்கு?"

அவள் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "சட்டியில தீ வந்துச்சுல்ல. அன்னைக்கு நீங்க சிரிச்சீக. கல்யாணமாகி அதுக்கு முந்தி நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல."

"அதுக்காகவா?"

"இன்னொரு தடவ பாக்கணும்னு இருந்துச்சு."

அந்த வீட்டில் எல்லோரும் எனக்கு மரியாதை செய்துகொண்டிருந்தபோது, இவள் ஒருத்திதான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் முற்றத்து மாடத்தில் மறுபடியும் அடுப்புக்கரி வைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையால் எடுத்துப் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் கிணற்றடியிலிருந்து குடத்தோடு வந்தாள். நான் அவளைப் பார்த்துச் சிரித்தேன், பல், உதடு, மோவாயெல்லாம் கரி.

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"போதும், வாயக் கொப்புளிங்க" என்றாள்.